வேகமா, நிதானமா: பியானோ வாசிப்பைப் பற்றிக் கருத்துச் சொல்லும் முன் காது செய்ய வேண்டிய வேலை

மும்பை நரிமன் பாயிண்ட் என்.சி.பி.ஏ. கலை அரங்கில் பியானோ கச்சேரிக்கு இடைவேளை விட்டால், காபி வரிசையில் முதலில் காதில் விழுவது பெரும்பாலும் வேகத்தைப் பற்றிய பேச்சுதான். “என்ன மாமா, ரொம்ப ஓட்டிட்டாரே?” என்று ஒருவர் கேட்பார். “எனக்கு இழுவையாத்தான் பட்டுது” என்பார் மாமா. இருவரும் கேட்டது ஒரே வாசிப்பை. ஒருவர் வலது கையின் பொடி ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு வேகத்தை அளந்திருப்பார். மற்றவர் அடியில் பேஸ் (கீழ் ஸ்வரங்கள்) எப்போது மாறுகிறது என்று கவனித்திருப்பார். எதை அளந்தோம் என்று சொல்லாதவரை இந்தப் பேச்சு முடியாது.

மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு பக்கம் பல வீடுகளில் இன்று ஒரு பிள்ளை பியானோ கற்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்கு சண்முகானந்தா சபாவில் தொடையில் தாளம் போட்டுப் பழகிய காது. அந்தக் காது பியானோவுக்கும் நன்றாக உதவும். ஆனால் சில இடங்களில் அதுவே தவறான தீர்ப்புக்குக் கொண்டுபோய் விடும். கர்நாடக சங்கீதத்தில் கிருதியைத் தொடங்கிய காலப்பிரமாணம் (வேகம்) கடைசி வரை நிற்க வேண்டும். நடுவில் ஓடினால் அது குறை. ஷோபான், ஷூமான் போன்ற ஐரோப்பிய இசையமைப்பாளர்களிடம் அது நெளிந்து கொடுக்கும், கொடுக்கவும் வேண்டும். அந்த நெளிவு சரியாக இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி.

முதல் வேலை: தட்டு எது?

பார் (நம் ஆவர்த்தம் போன்ற தாளக் கட்டம்) ஒன்றுக்கு எத்தனை தட்டு என்பதை ஸ்கோரின் (இசையை எழுதிய தாளின்) தொடக்கத்தில் பாருங்கள். ஸ்கோர் இல்லாமல் கேட்கலாம். ஆனால் வேகத்தைப் பற்றி வாதாட ஸ்கோர் வேண்டும். பீத்தோவன், ஷோபான், ஷூபர்ட் எல்லாம் ஐ.எம்.எஸ்.எல்.பி. தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். அச்சுப் புத்தகம் வேண்டுமென்றால் தோபி தலாவ் பக்கம் ஃபர்ட்டாடோஸ் கடைக்குப் போகலாம்.

பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவை (ஓபஸ் 27, எண் 2) எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மூவ்மென்ட்டில் (பகுதியில்) க்ராட்செட் (இங்கே பாருக்கு நான்கு வரும் ஸ்வர அளவு) ஒவ்வொன்றுக்குள்ளும் மும்மூன்றாக ஸ்வரங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். கேட்பவர் தன்னையறியாமல் பாருக்கு நான்கு என்று எண்ணத் தொடங்குவார். பீத்தோவன் போட்டிருப்பதோ வெட்டுக்கோடு போட்ட ‘சி’ அடையாளம், அதாவது பாருக்கு இரண்டே தட்டு. ‘அடாஜியோ’ (மெதுவாக) என்ற சொல் அந்த இரண்டு தட்டுக்கு உரியது; நான்கு தட்டுக்கு உரியது என்று நினைத்துவிட்டால் வாசிப்பு பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். பியானோ கலைஞர் ஆண்ட்ராஸ் ஷிஃப் இதை வழக்கத்தைவிட ஓட்டமாக வாசிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதைக் கேட்டுவிட்டு “அவசரம்” என்று சொல்வதற்கு முன், பாருக்கு இரண்டாக ஒரு நிமிடம் தட்டிப் பாருங்கள். அப்போது அது நிதானமாகவே நடக்கும்.

விரலால் தட்டும்போது ஒரு பொதுவான பிசகு உண்டு. கடிகாரம் தொடங்கும் தட்டை ‘ஒன்று’ என்று எண்ணினால் கடைசியில் ஒன்று கூடிவிடும். அதைப் பூஜ்யம் என்று வையுங்கள். 15 நொடி எண்ணி 4-ஆல் பெருக்கினால் ஒரு தட்டுப் பிசகு 4 ஆகப் பெருகும். 30 நொடி எண்ணி இரட்டித்தால் 2 தான் பிசகும். காலம் நெளியும் இசையில் 30 நொடிக்குக் குறைந்து எண்ணுவதில் பயனில்லை.

நிமிடத்தை வேகமாக மாற்றும் கணக்கு

ஒரு பதிவின் சராசரி வேகத்தை அறிய மெட்ரனோம் (சீராகத் தட்டிக் காட்டும் கருவி)கூட வேண்டாம். மொத்தத் தட்டுகளை நிமிடத்தால் வகுத்தால் போதும்.

ஷூமானின் ‘ட்ராய்மெராய்’ இதற்கு அருமையான பாடம். ‘கிண்டர்ஸ்ஸேனென்’ (ஓபஸ் 15, 1838) தொகுப்பில் ஏழாவது உருப்படி. எழுதியிருப்பது 24 பார். முதல் 8 பாருக்கு ரிப்பீட் (திரும்ப வாசிப்பது) உண்டு. ஆக 32 பார், பாருக்கு 4 தட்டு, மொத்தம் 128. முதல் பதிப்பில் அச்சான மெட்ரனோம் எண் க்ராட்செட்டுக்கு 100, அதாவது நிமிடத்துக்கு 100 க்ராட்செட். அந்தக் கணக்கில் உருப்படி 1 நிமிடம் 17 நொடியில் முடிந்துவிடும். பின்னாளில் அவர் மனைவி கிளாரா ஷூமான் பதிப்பித்தபோது 80 என்று குறைத்தார். அதற்கு 1 நிமிடம் 36 நொடி. இப்போது உங்களிடம் இருக்கும் பதிவு எத்தனை நீளம் என்று பாருங்கள். 2 நிமிடம் 40 நொடி என்றால் 128-ஐ 2.67-ஆல் வகுக்க வேண்டும், 48 வரும். 3 நிமிடம் என்றால் 43 தான். அதாவது நாம் ‘சரியான’ ட்ராய்மெராய் என்று மனதில் வைத்திருப்பது அச்சிட்ட எண்ணில் பாதிக்கும் குறைவு.

இதனால் எல்லோரும் தப்பாக வாசிக்கிறார்கள் என்று ஆகாது. முடிவில் வரும் தளர்ச்சி, நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்கள் எல்லாம் அந்தச் சராசரிக்குள் அடக்கம். உருப்படியின் நடுப் போக்கு சராசரியைவிடக் கொஞ்சம் ஓட்டமாகவே இருக்கும். ஆனாலும் ஒருவர் 1 நிமிடம் 50 நொடியில் வாசித்தால், ஷூமானின் எண்ணுக்கு நம்மைவிட அவர்தான் பக்கத்தில் இருக்கிறார். அதை அறிந்துகொண்டு “எனக்கு 48 தான் பிடிக்கிறது” என்று சொல்வது நேர்மையான ரசனை. “ஷூமானின் உணர்வையே கெடுத்துவிட்டார்” என்று சொல்ல இடமில்லை.

இதே கணக்கில் மூன்லைட் முதல் மூவ்மென்ட் 69 பார், க்ராட்செட் கணக்கில் 276. ஐந்து நிமிடப் பதிவு 55-இல் போகிறது, ஏழு நிமிடப் பதிவு 39-இல்.

நீளத்தை மட்டும் பார்த்து முடிவுகட்டினால் சறுக்கும் இடங்கள் சில உண்டு. பெரியது ரிப்பீட். பியானோ கலைஞர் க்ளென் கூல்ட் பாகின் ‘கோல்ட்பெர்க்’ வேரியேஷன்களை (ஒரே அடிப்படையின் மாறுபாடுகளை) 1955-இலும் 1981-இலும் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், இரண்டாவது சுமார் 51. “வயதானதும் மெதுவாகிவிட்டார்” என்று இதை வைத்துச் சொல்வார்கள். முதல் பதிவில் அவர் ரிப்பீட்டே எடுக்கவில்லை. இரண்டாவதில் சில வேரியேஷன்களில் முதல் பாதியைத் திருப்பி வாசிக்கிறார். ஆகவே 13 நிமிட வித்தியாசம் முழுவதும் வேகத்தால் வந்ததல்ல. நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் தொடக்க ஏரியாவை (முதலில் வரும் மூல மெட்டை) எடுங்கள். இரண்டிலும் ரிப்பீட் கிடையாது. 32 பார், பாருக்கு 3, மொத்தம் 96 தட்டு. 1955-இல் 1 நிமிடம் 53 நொடி, அதாவது 51. 1981-இல் 3 நிமிடம் 5 நொடி, அதாவது 31. இங்கே மாற்றம் அப்பட்டமாகத் தெரிகிறது. இந்த ஒரு எண்ணை வைத்துப் பேசினால் வாதம் உறுதியாக நிற்கும்.

இன்னொன்று பழைய 78 சுற்று இசைத்தட்டுகள். 12 அங்குல இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்தைத் தாண்டி அதிகம் இடமில்லை. ரிப்பீட்டை விடுவதும், பக்க முடிவுக்குள் அடக்க விரைவதும் அங்கே நடந்திருக்கலாம். இசைத்தட்டிலிருந்து மாற்றிப் பதியும்போது சுழற்சி வேகம் பிசகியிருந்தால் வாசிப்பின் வேகமும் சுருதியும் சேர்ந்தே ஏறும், அல்லது சேர்ந்தே இறங்கும். ஒரு செமிடோன் (அடுத்த கட்டை அளவு சுருதி) ஏறினால் வேகம் சுமார் 6 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள். ‘எஃப் மேஜர்’ உருப்படி ‘எஃப் ஷார்ப்’ ஆகக் கேட்டால், போனில் ட்யூனர் ஆப்பைத் திறந்து சோதித்துவிட்டுப் பிறகு பேசுங்கள். கைத்தட்டல், தொடக்க அமைதி ஆகியவற்றையும் நேரக் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டும். காகிதச் சுருளில் துளையிட்டுப் பதிந்த பியானோ ரோல்களை வேகத்துக்குச் சாட்சியாக வைக்காமல் இருப்பதே நல்லது; சுருளை எந்த வேகத்தில் ஓட்டினாலும் சுருதி மாறாது, அதனால் பிசகைக் கண்டுபிடிக்க வழியில்லை.

அச்சிட்ட எண் சட்டமா?

பீத்தோவன் தன் 32 பியானோ சொனாட்டாக்களில் ஒன்றுக்குத்தான் மெட்ரனோம் எண் கொடுத்தார்: ‘ஹாமர்கிளாவியர்’, ஓபஸ் 106. 1819-இல் லண்டனில் இருந்த ஃபெர்டினாண்ட் ரீஸுக்கு எழுதிய கடிதத்தில் அந்த எண்களை அனுப்பினார். முதல் மூவ்மென்ட்டில் மினிமுக்கு (இரண்டு க்ராட்செட் அளவுக்கு) 138. ரிப்பீட்டோடு கணக்குப் போட்டால் சுமார் ஏழரை நிமிடத்தில் முடிய வேண்டும். பெரும்பாலான பதிவுகள் பத்து நிமிடத்தைத் தாண்டும். 1935-இல் பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் அந்த எண்ணை எட்டிப் பிடிக்க முயன்று ஒன்பது நிமிடத்துக்குள் முடித்தார். கேட்டுப் பாருங்கள்: தவறிய ஸ்வரங்கள் பல, ஆனால் அந்த மூவ்மென்ட்டின் வெறி வேறெங்கும் இப்படிக் கிடைக்காது. என் மதிப்பில் அந்தப் பதிவின் துணிச்சலுக்காக அந்தத் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அதே ஷ்னாபெல் மூன்றாவது மூவ்மென்ட்டில் என்ன செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். அது 187 பார், பாருக்கு 6 குவேவர் (அரை க்ராட்செட்), பீத்தோவன் எண் குவேவருக்கு 92. சுமார் 12 நிமிடம் வர வேண்டும். ஷ்னாபெல் எடுத்துக்கொள்வது சுமார் 18 நிமிடம். எண்ணை மதித்தவர் என்று பேர் வாங்கியவரே மெதுவான பகுதியில் எண்ணை விட்டுவிடுகிறார். ஆகவே “இவர் ஸ்கோர் பக்கம், அவர் உணர்ச்சிப் பக்கம்” என்று ஆட்களைப் பிரித்து வைக்காதீர்கள். மூவ்மென்ட் மூவ்மென்ட்டாகப் பாருங்கள்.

பீத்தோவனின் மெட்ரனோம் பழுதாகியிருந்தது என்று ஒரு பேச்சு நெடுங்காலமாக உண்டு. அது ஊகம். அதைவிட உறுதியான காரணம் வாத்தியத்தில் இருக்கிறது. அன்றைய வியன்னா பியானோவில் கட்டைகள் இலேசானவை, ஆழம் குறைவு, நாதம் சீக்கிரம் மங்கும். இன்றைய கான்சர்ட் கிராண்டில் கட்டை கனம், நாதம் நீளம். அன்று ஓட்டம் எளிது, இழுத்து வாசிப்பது கடினம். இன்று தலைகீழ். மூன்லைட் முதல் மூவ்மென்ட் முழுவதும் டேம்பரை (தந்தியின் ஒலியை அடக்கும் பாகத்தை) உயர்த்தியே வாசிக்கச் சொல்லியிருக்கிறார் பீத்தோவன். இன்றைய பியானோவில் அப்படியே செய்தால் ஸ்வரங்கள் ஒன்றன் மேல் ஒன்று ஏறிக் கலங்கும். அதனால் பெடலை அடிக்கடி மாற்றுகிறார்கள், இல்லாவிட்டால் அரைப்பெடல் வைக்கிறார்கள்.

ஷோபானின் ஈ மேஜர் எட்யூட் (பயிற்சி உருப்படி, ஓபஸ் 10, எண் 3) இன்னும் சுவையான வழக்கு. கையெழுத்துப் பிரதியில் முதலில் அவர் எழுதியது ‘விவாச்சே’ (துடிப்பாக), பிறகு ‘விவாச்சே மா நான் ட்ராப்போ’ (துடிப்பாக, ஆனால் மிகையாக வேண்டாம்). அச்சில் வந்தது ‘லெண்டோ மா நான் ட்ராப்போ’ (மெதுவாக, ஆனால் மிகையாக வேண்டாம்), குவேவருக்கு 100. 77 பார், பாருக்கு 4 குவேவர், மொத்தம் 308. மூன்று நிமிடத்தை ஒட்டி முடிய வேண்டியதை இன்று நான்கு நிமிடத்துக்கு மேல் நீட்டுவது வழக்கம். இதில் கவனிக்க வேண்டியது தொடக்கத்தின் வேகம் அல்ல. 21-ஆம் பாரில் ‘போகோ பியூ அனிமாட்டோ’, கொஞ்சம் உயிர்ப்பு கூட்டு என்கிறார். கொஞ்சம்தான். தொடக்கத்தை அளவுக்கு மீறி இழுத்தவர், நடுவில் இரட்டை இரட்டையாக ஸ்வரங்கள் பொழியும் இடத்தில் அதே வேகத்தில் நிற்க முடியாமல் கிட்டத்தட்ட இரண்டு மடங்குக்குத் தாவுகிறார். உருப்படி இரண்டாக உடைகிறது. தொடக்கத்தில் 30 நொடி, நடுவில் 30 நொடி எண்ணி, இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு வாசிப்பின் நியாயம் இந்த உறவில்தான் தெரியும். ஒற்றை எண்ணில் தெரியாது.

வேகம் போலத் தோன்றுபவை

இரண்டு பதிவுகள் ஒரே மெட்ரனோம் எண்ணில் போகும், ஒன்று பறப்பது போலவும் மற்றது தவழ்வது போலவும் கேட்கும். முதல் காரணம் அழுத்தம் விழும் இடம். ஸ்லோ லோக்கலும் ஃபாஸ்ட் லோக்கலும் தாதருக்கும் குர்லாவுக்கும் நடுவே ஒரே வேகத்தில் ஓடினாலும், ஒன்று எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிறது. பாரின் நான்கு தட்டுக்கும் அழுத்தம் கொடுப்பவர் அப்படித்தான் நின்று நின்று போகிறார். இரண்டு பாருக்கு ஒரு முறை அழுத்துபவர் அதே எண்ணில் வழுக்கிக்கொண்டு போவார்.

அடுத்தது தொடுகை. ஸ்வரங்களுக்கு நடுவே துளி இடைவெளி விட்டுத் தெளிவாக வாசித்தால் ஓட்டமாகக் கேட்கும். பெடலில் ஊறவிட்டால் அதே வேகம் கனக்கும். ஆனால் தடித்த பெடலில் பொடி ஸ்வரங்கள் கலங்கும்போது “ஓட்டிவிட்டார்” என்றும் தோன்றும். இதைப் பிரித்தறிய ஒரே வழி, எண்ணுவது. மூன்றாவது காரணம் சத்தம். உரக்க ஒலிக்கும் பதிவு உயிரோடு இருப்பதாகவும் வேகமாகவும் படும்.

இதைக் காதால் உறுதி செய்ய ஒரு பயிற்சி: யூட்யூபில் ஒரு மெதுவான மூன்லைட்டை 1.25 வேகத்தில் ஓட்டுங்கள். சுருதி மாறாது. பிறகு இயல்பாகவே அந்த வேகத்தில் வாசித்த வேறொருவரைக் கேளுங்கள். இரண்டும் ஒன்றுபோல இருக்காது. முடுக்கிய பதிவில் அழுத்தங்களும் மூச்சு இடங்களும் மெதுவான வாசிப்புக்கு அளந்தவையாகவே இருக்கும், துடிப்பு மட்டும் விரைந்திருக்கும். வாசிப்பின் தன்மை எண்ணுக்கு வெளியே எவ்வளவு இருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் புரியும்.

ரூபாட்டோ (காலத்தை நெளிப்பது): எந்தக் கை நெளிகிறது?

1777-இல் மோட்ஸார்ட் அப்பாவுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. மெதுவான பகுதியில் தன் வலது கை காலத்தை விட்டு விலகினாலும் இடது கை அசையாமல் காலத்தில் நிற்பதைக் கண்டு மற்றவர்கள் வியக்கிறார்கள் என்கிறார். ஷோபானும் இதையே தன் மாணவர்களுக்குச் சொன்னதாக அவர்கள் பதிந்திருக்கிறார்கள்: இடது கை தாளம் காக்கும், வலது கை பாடும். தாளத்தை விட்டுக் கொஞ்சம் பின்தங்கிப் பாடிவிட்டுச் சமத்தில் வந்து சேரும் வித்தை நம் காதுக்குப் புதிதல்ல. கர்நாடக ரசிகர் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துவிடுவார்.

இன்று மேடையில் அதிகம் கேட்பது வேறு வகை. இரண்டு கையும் சேர்ந்தே தயங்கும், சேர்ந்தே விரையும். இது தவறல்ல, ஆனால் இதைச் சோதிக்க வேறு கேள்வி வேண்டும். ஷோபான் நாக்டர்ன் ஒன்றை எடுத்து, மெலடியை மறந்துவிட்டு இடது கையின் பேஸை மட்டும் பின்தொடருங்கள். பேஸ் சீராக விழுந்து மேலே மெலடி தள்ளித் தள்ளி விழுந்தால் முதல் வகை. பேஸே தயங்கினால் இரண்டாவது. இரண்டாவது வகையில், தயங்கிய இடத்தில் அதற்குக் காரணம் இருந்ததா என்று பாருங்கள்: எதிர்பாராத ஹார்மனி, மெலடியின் உச்ச ஸ்வரம், ஒரு வாக்கியத்தின் முடிவு. காரணம் இருந்தால் தயக்கம் பேசும். ஒவ்வொரு இரண்டு பாருக்கும் ஒரே மாதிரி தயங்கினால் அது வெறும் பழக்கம். மூன்றாவது தடவைக்கு மேல் காது முன்கூட்டியே எதிர்பார்க்கத் தொடங்கிவிடும், அதோடு அதன் பலம் போய்விடும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பதிவுகளில், படரெவ்ஸ்கி போன்றவர்கள் வாசித்ததில், இடது கை ஒரு கணம் முந்தியும் வலது கை பிந்தியும் விழும். கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்) வீணை மீட்டுவது போல் கீழிருந்து மேலாக உடையும். இதைத் தடுமாற்றம் என்று நினைக்காதீர்கள். அன்று அதுவே நயம்.

தெபுஸ்ஸியின் ‘க்ளேர் ட லூன்’ கேட்கும்போது 15-ஆம் பாரைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘டெம்போ ரூபாட்டோ’ என்று அவர் எழுதுவது அங்கேதான். முதல் 14 பாருக்கு அந்த உரிமை தரவில்லை. போட்டிருப்பது ‘அந்தாந்த்தே’ (நடை வேகம்), பாருக்கு மூன்று பெரிய தட்டு. தட்டின் மேல் ஸ்வரம் விழாமல் கட்டுக்கோடு தாண்டிப் போவதால் அந்தத் தொடக்கத்தில் தட்டு எங்கே என்றே காதுக்குத் தெரியாது. அந்த மிதப்பு எழுத்திலேயே இருக்கிறது. அதன்மேல் வாசிப்பவரும் நெளிந்தால், 15-ஆம் பாரில் மாறுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது. இந்த உருப்படியை எவ்வளவோ பேர் வாசிக்கிறார்கள். 15-ஆம் பாரில் ஏதோ நடக்கிறது என்று உணர்த்துபவர்கள் குறைவு.

ஷூபர்ட்டின் கடைசி சொனாட்டாவில் ஒன்பது பார்

பி ஃபிளாட் சொனாட்டா, டி. 960, 1828. முதல் மூவ்மென்ட்டின் குறிப்பு ‘மோல்ட்டோ மோடராட்டோ’ (மிக மிதமாக). ஸ்வியாடஸ்லாவ் ரிக்டர் இதற்கு 24 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வார். ரிப்பீட்டோடு வாசிக்கும் மற்றவர்கள் பெரும்பாலும் 20 நிமிடத்தை ஒட்டி முடிப்பார்கள். ஆல்ஃப்ரெட் பிரெண்டல் போல ரிப்பீட்டை விடுபவர்களுக்கு 15 நிமிடத்தை ஒட்டி வரும்.

முதல் வாக்கியத்தைக் கேளுங்கள். மென்மையான மெலடி ஒரு தேவாரப் பண்ணின் அடக்கத்தோடு நடக்கிறது. எட்டாவது பாரில், பியானோவின் அடியாழத்தில், ஜி ஃபிளாட்டில் ஒரு ட்ரில் (பக்கத்துப் பக்கத்து இரு ஸ்வரங்கள் மாறி மாறி அதிர்வது) மிக மெல்ல உறுமிவிட்டு அடங்குகிறது. பிறகு மௌனம். ரிக்டரில் நீங்கள் குவேவர் குவேவராகக் காத்திருக்கிறீர்கள், அந்த ட்ரில் வரும்போது ஏற்கெனவே வேறொரு காலக்கணக்கில் இருக்கிறீர்கள். ஓட்டமாக வாசிப்பவரிடம் மெலடி பாட்டாகவே இருக்கும், ட்ரில் அதில் விழும் நிழலாக வரும். இரண்டில் எது சரி என்பதைவிட, மௌனத்தை ஒவ்வொருவரும் எவ்வளவு நேரம் பிடிக்கிறார் என்று பாருங்கள். மெதுவாகத் தொடங்கிவிட்டு மௌனத்தைச் சுருக்குபவர், தன் காலத்தைத் தானே நம்பவில்லை.

இப்போது ரிப்பீட். திரும்பிப் போவதற்காக ஷூபர்ட் ஒன்பது பார் தனியாக எழுதியிருக்கிறார். அந்த ட்ரில் அங்கே ஒரு தடவை முழு பலத்தோடு வெடிக்கிறது. மூவ்மென்ட்டில் வேறெங்கும் அது அப்படி ஒலிக்காது. ரிப்பீட்டை விட்டால் இந்த ஒன்பது பாரும் கேட்கவே கேட்காது. அவை மற்றதோடு ஒட்டவில்லை என்பது விடுபவர்களின் வாதம். அந்த வெடிப்பைக் கேட்ட பிறகு மெல்லிய ட்ரில் ஒவ்வொன்றும் பயமுறுத்தும் என்பது எடுப்பவர்களின் வாதம். என் கட்சி எடுப்பவர்களுடையது. வேகத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லும்போது ரிப்பீட் உண்டா இல்லையா என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். 20 நிமிடத்தையும் 15 நிமிடத்தையும் ஒப்பிட்டு மணிக்கணக்கில் நடக்கும் பல சண்டைகள் அதோடு தீரும்.

வீட்டில் பேர் தெரியாமல் கேட்பது

முதலில் கேட்ட பதிவே சரியான வேகமாக மனதில் உட்கார்ந்துவிடும். ரசிகர் கருத்துகளில் பாதி இதனால் வருவது. இதை உடைக்க ஒரே உருப்படிக்கு மூன்று பதிவுகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் அதே இடத்திலிருந்து 60 முதல் 90 நொடி வெட்டிக்கொள்ளுங்கள். சத்தத்தைச் சமப்படுத்துங்கள். வீட்டில் யாரையாவது வரிசையைக் கலைத்துப் போடச் சொல்லுங்கள். யார் வாசிக்கிறார்கள் என்று தெரிவதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: தட்டு எத்தனை, எந்த இடத்தில் தயங்கினார், எந்தக் குரல் மேலே கேட்டது. இரண்டாம் சுற்றில் வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதல் சுற்றில் இழுவையாகப் பட்டது இரண்டாம் சுற்றில் இயல்பாகப் பட்டால், அந்தக் கருத்து வரிசையால் வந்தது, வாசிப்பால் அல்ல. பெயர் தெரிந்த பிறகு எழுதியதைத் திருத்தாதீர்கள்.

அரங்கில்

என்.சி.பி.ஏ.வின் டாடா தியேட்டரில் மேடையைப் பார்த்து இடது பக்கம் உட்கார்ந்தால் கைகள் தெரியும். கைகளைப் பார்த்தால் வேகம் கூடுதலாகத் தோன்றும். உயரத் தூக்கும் கை, தெறிக்கும் விரல் எல்லாம் காதை ஏமாற்றும். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுச் சரிபாருங்கள். முழக்கம் அதிகமான கூடத்தில் வாசிப்பவர் தன் ஸ்வரங்கள் கலங்காமலிருக்க வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார். அதே நபர் சிறிய அறையில் வாசித்த பதிவோடு ஒப்பிட்டுக் குறை சொல்லாதீர்கள். போனை எடுக்க வேண்டாம், வெளிச்சம் பக்கத்தில் இருப்பவரைத் தொந்தரவு செய்யும். கச்சேரிக்கு முன்னால் உங்கள் இயல்பான நடை நிமிடத்துக்கு எத்தனை அடி என்று ஒரு நாள் எண்ணி வைத்திருந்தால், இருட்டிலும் கையில் ஓர் அளவுகோல் இருக்கும்.

சொல்லும் விதம்

“மூன்றாவது மூவ்மென்ட் வேகம் ஜாஸ்தி” என்று சொன்னால் கேட்பவர் தலையாட்டலாம், சண்டை போடலாம், வேறு ஒன்றும் செய்ய முடியாது. “மூன்றாவது மூவ்மென்ட்டில் முதல் தீம் வந்த வேகத்தில் இரண்டாவது தீமின் இடது கை ஸ்வரங்கள் ஒட்டிக்கொண்டன, அதனால் அங்கே அவரே வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று” என்று சொன்னால் அதைப் பதிவிலோ ஸ்கோரிலோ போய்ப் பார்க்கலாம். எந்த இடம், என்ன கேட்டது, அதனால் என்ன கிடைத்தது, என்ன போயிற்று என்ற நான்கும் இருந்தால் போதும். கிடைத்ததைச் சொல்லாமல் போனதை மட்டும் சொல்வது அரைக் கருத்து.

இசையமைத்தவர் தானே வாசித்த பதிவு இருந்தால் அதை மேற்கோள் காட்டலாம், ஆனால் நிதானமாக. ரஹ்மானினோஃப் 1929-இல் இசைக்குழு நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியோடு பதிந்த தன் இரண்டாவது கான்செர்ட்டோ இன்றைய பல பதிவுகளைவிடக் குறுகியது. உருகி உருகி வாசிப்பதுதான் அவர் பாணி என்ற எண்ணத்துக்கு அது நல்ல மருந்து. அவரும் தன் ஸ்கோரை அப்படியே வாசிக்கவில்லை என்பதும் அதே பதிவில் கேட்கும்.

வாசித்தவரைப் பார்க்க நேர்ந்தால் தீர்ப்பாகச் சொல்லாமல் கேள்வியாகக் கேளுங்கள். “அந்த ரிப்பீட்டை ஏன் விட்டீர்கள்?” என்றால் பெரும்பாலானவர்கள் மகிழ்ந்து பேசுவார்கள்.

பிள்ளைகள் வாசிக்கும்போது

கிரேடு தேர்வுக்குத் தயாராகும் பிள்ளையிடம் “இன்னும் வேகமா வாசி கண்ணா” என்று சொல்வதற்கு முன் மூன்று விஷயம் பாருங்கள். ஏ.பி.ஆர்.எஸ்.எம். (இசைத் தேர்வு வாரியம்) புத்தகங்களில் சதுர அடைப்புக்குள் இருக்கும் மெட்ரனோம் எண் பதிப்பாசிரியரின் யோசனை, இசையமைத்தவர் போட்டதல்ல. அதைச் சில எண்கள் தாண்டியோ குறைத்தோ வாசிக்கலாம், ஆசிரியரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். அடுத்து, வீட்டில் இருப்பது அப்ரைட் பியானோவா என்று பாருங்கள். அப்ரைட்டில் கட்டை கிட்டத்தட்ட முழுதாக மேலே வந்த பிறகுதான் அதே ஸ்வரத்தை மறுபடி அடிக்க முடியும். கிராண்டில் பாதி எழுந்தாலே போதும். ஒரே ஸ்வரம் விரைந்து திரும்பும் இடங்களில் பிள்ளை தடுமாறினால் குறை விரலில் இல்லாமல் இருக்கலாம். மும்பை மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஃபெல்ட்டும் மரமும் உப்பி, கட்டைகள் மெதுவாக எழும். ஜூலையில் ஓடாத எட்யூட் டிசம்பரில் ஓடினால் காரணம் அதுவாகவும் இருக்கலாம். கட்டையை அழுத்திவிட்டு எவ்வளவு சுறுசுறுப்பாகத் திரும்புகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். மந்தமான கட்டைகளைச் சாக்பீஸால் லேசாகக் குறித்து வைத்து, ட்யூனர் வரும்போது சுருதி சேர்ப்பதற்கு முன்பே அவற்றைக் காட்டிவிடுங்கள். டிஜிட்டல் பியானோ என்றால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் பழகிய வேகத்தைத் தேர்வு மையத்தின் பியானோவில் அப்படியே எதிர்பார்க்க முடியாது, ஆகவே தேர்வுக்கு முன் ஒரு வாரமாவது உண்மையான பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள்.